எழுபதாயிரத்துக்குள் ஒரு மேட்ச் ஏர் பிஸ்டல்: மகளுக்காகத் தேடி வாங்கிய அனுபவம்

புது மேட்ச் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் போட்டித் துப்பாக்கி, என்றால் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே பேச்சே இல்லை என்றுதான் நாங்கள் விசாரித்த இடங்களில் எல்லாம் சொன்னார்கள். நல்ல மாடல் என்றால் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. எங்களால் புரட்ட முடிந்தது எழுபதாயிரம். அதில் பாதி என் நகைச் சீட்டுப் பணம். மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். கிளப் துப்பாக்கியில் பழகி மாவட்டப் போட்டி வரை போய்விட்டாள். இனி சொந்தத் துப்பாக்கி இல்லாமல் முடியாது என்று கோச் சொன்ன பிறகு தேட ஆரம்பித்தோம். இதே நிலையில் இருக்கும் பெற்றோர்கள் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில், எப்போது வாங்குவது என்பது. கிளப் துப்பாக்கியில் ஸ்கோர் ஏறிக்கொண்டிருக்கும் வரை வாங்க வேண்டாம். எங்களை வாங்க வைத்தது ஒரே ஒரு காரணம். ஒரே பிஸ்டலை நான்கைந்து பிள்ளைகள் பயன்படுத்தினார்கள். ஒவ்வொருவரும் தன் கண்ணுக்கு ஏற்றபடி சைட்டை (குறி பார்க்கும் பாகம்) திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருபவர் அதைத் தன் பக்கம் கொண்டுவரவே இருபது குண்டு போய்விடும். போதாததற்கு க்ரிப், அதாவது கையில் பிடிக்கும் மரப் பிடி, பெரியவர்கள் கை அளவு. என் மகளின் விரல் ட்ரிகரை எட்டுவதற்கு உள்ளங்கையையே திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்துப் பழகினால் பிறகு திருத்துவது கஷ்டம் என்று கோச் பயந்தார். அந்தப் பயம் நியாயமானது.

சட்டம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, .177 அங்குலக் குழல் அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் கன்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. மேட்ச் ஏர் பிஸ்டல் ஐந்து, ஆறு ஜூல் அளவில்தான் சுடும். லைசென்ஸ் இல்லை என்பதால் காகிதம் எதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். பழைய துப்பாக்கி வாங்கினாலும் முதல் பில்லின் நகல், துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண், விற்றவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ரயிலில் யாராவது நிறுத்திக் கேட்டால் அந்தக் காகிதமும் பிள்ளையின் சங்க அடையாள அட்டையும்தான் பேசும்.

இனி விலை விஷயம். நான் பம்பு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருளுக்கு லட்சக்கணக்கில் விலை சொன்னால், அந்தப் பணம் எந்த அளவின் துல்லியத்துக்காகப் போகிறது என்று பார்த்தே பழக்கம். அதனால் துப்பாக்கியைப் பார்ப்பதற்கு முன்பு இலக்கு அட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து அளந்தேன். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின், அதாவது சுடும் சின்ன ஈயக் குண்டின், விட்டம் 4.5. கோட்டைத் தொட்டாலே உள்வளையக் கணக்கு. அப்படியானால் பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரை தள்ளி விழுந்தாலும் பத்துதான். அடுத்த ஒவ்வொரு வளையமும் அதே எட்டு மில்லிமீட்டர் அகலம்.

மேட்ச் பிஸ்டல் ஒன்றை அசையாமல் தாங்கியில் வைத்துச் சுட்டால், பத்து மீட்டரில் ஐந்து குண்டும் கிட்டத்தட்ட ஒரே துளையில் போகும். புதிதாக வரும் பெட்டிக்குள் அப்படிச் சுட்டுக் காட்டிய அட்டையையே சில கம்பெனிகள் வைத்துத் தருகின்றன. பழைய மாடலாக இருந்தாலும் குழல் கெடாமல் இருந்தால் இதே கதைதான். ஆக, குழலின் துல்லியம் என்பது எழுபதாயிரத்திலும் கிடைக்கிறது, இரண்டு லட்சத்திலும் கிடைக்கிறது. பிள்ளையின் கை அதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இன்னும் தொட்டிருக்காது.

அப்படியென்றால் பத்து எட்டாக மாறுவது எங்கே? பிடியிலும் ட்ரிகரிலும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் சுமார் 32 சென்டிமீட்டர் தூரம். குண்டு விடுபடும் நொடியில் முன் சைட் கால் மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் அது ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். ஒரு வளையம் போச்சு. ஒரு மில்லிமீட்டர் விலகினால் நான்கு வளையம். ட்ரிகர் சொரசொரவென்று இழுத்தாலோ, விரல் நேராகப் பின்னால் வராமல் பக்கவாட்டில் தள்ளினாலோ அந்தக் கால் மில்லிமீட்டர் சுலபமாகப் போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்றே எங்கள் தேடல் மாறிவிட்டது. எந்த கம்பெனி என்று கேட்பதை விட்டோம். ட்ரிகர் எப்படி, க்ரிப் எந்த அளவு, காற்று அடைக்கும் சிலிண்டர் எந்த வருஷம் என்று கேட்க ஆரம்பித்தோம்.

கடையில் எங்கள் பட்ஜெட்டைச் சொன்னதும் எடுத்துக் காட்டியவை இரண்டு வகை. ஒன்று, சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும் ஸ்பிரிங் பிஸ்டல். குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கிச் சுடுவது. பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே உள்ளே பிஸ்டன் பாய்ந்து போய் இடிக்கும். அந்த உதறலில் துப்பாக்கியே துள்ளும். பிள்ளை சரியாக விட்டாளா தவறாக விட்டாளா என்று அட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. பழகுபவருக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. இன்னொன்று, பார்வைக்குப் போலீஸ் துப்பாக்கி மாதிரியே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல். அதில் பல மாடல்கள் இரும்புக் குண்டு சுடுபவை. அந்தக் குண்டு தகட்டில் பட்டுத் திரும்பித் தெறிக்கும் என்பதால் எங்கள் ரேஞ்சில் உள்ளேயே விடமாட்டார்கள். இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். பணம் குறைவு என்பதற்காக இந்தப் பக்கம் மட்டும் யாரும் போய்விடாதீர்கள். சேர்த்து வைத்த பத்தாயிரம் போனது போனதுதான், போட்டியில் அதை வைத்துக்கொண்டு நிற்கவும் முடியாது.

பிறகு கிளப்பில் ஒரு பெரியவர் தன்னுடைய ரஷ்ய ஐஇசட்எச்-46எம் பிஸ்டலைக் காட்டினார். சிலிண்டர் கிடையாது. அடியில் இருக்கும் நீளக் கைப்பிடியை ஒருமுறை முன்னால் இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று உள்ளே அடைபடும். அவ்வளவுதான். காற்று நிரப்பும் செலவு இல்லை, தேதி காலாவதியாகும் கவலை இல்லை, உதறல் இல்லை, ட்ரிகர் உண்மையிலேயே நன்றாக இருந்தது. வளர்ந்த ஆண் பிள்ளையோ பெரியவரோ குறைந்த செலவில் தொடங்குவதற்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஆனால் முன்பக்கம் கனம். பெண்கள் பிரிவிலும் 2018 முதல் அறுபது குண்டு. அதற்கு முன்பு பழகுவதற்கு வேறு சுட வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் அந்தக் கைப்பிடியை இழுத்து இழுத்து என் மகளுக்குத் தோள் இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் நின்ற நிலையே கலைந்தது.

"இது எனக்குச் சரிப்பட்டு வராதும்மா" என்று அவளே வைத்துவிட்டாள்.

"பாப்பா சொல்றதுதான் சரிங்க. கை சொல்றத மீறி வாங்காதீங்க" என்றார் அந்தப் பெரியவர்.

அதன் பிறகுதான் பழைய மேட்ச் பிஸ்டல்களைத் தேடினோம். உயர் மட்டத்தில் சுடுபவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை துப்பாக்கியை மாற்றுவார்கள். அவர்கள் கழற்றிவிடும் ஸ்டெயர், மோரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ் கம்பெனித் துப்பாக்கிகள் எல்லாம் கிளப்புகள் வழியாக, கோச்சுகள் வழியாகக் கைமாறும். பேப்பர் விளம்பரத்தில் வராது. கோச்சிடம் சொல்லி வையுங்கள், பக்கத்து மாவட்டக் கோச்சுகளிடமும் சொல்லி வையுங்கள், போட்டி நடக்கும் இடத்துக்குப் போனால் அங்கே நிற்கும் பெற்றோர்களிடம் பேசுங்கள். எங்களுக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு போட்டிக்குப் போன இடத்தில்தான்.

பழையது வாங்கும்போது முதலில் திருப்பிப் பார்க்க வேண்டியது சிலிண்டரை. குழலுக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன உருளைக்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப்போலக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. சிலிண்டர் மேலேயே தயாரித்த மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து வருஷம்தான் அதன் ஆயுள். அதைத் தாண்டியதைப் பயன்படுத்தக் கூடாது. தேதிக்குள் இருக்கிறதா என்பது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. போட்டியில் துப்பாக்கிகளைச் சரிபார்க்கும் சோதனை மேஜையில் கேட்டால் காட்ட வேண்டும். ஒருவர் எங்களுக்கு மிகக் குறைந்த விலையில் நல்ல மாடல் ஒன்றைக் கொடுக்க வந்தார். சிலிண்டரைத் திருப்பிக் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றினார். கடைசியில் பார்த்தால் தேதி முடிந்து பல வருஷம். ஒரு புது சிலிண்டருக்கு அப்போது பதினைந்தாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் விலை ஒன்றும் குறைவில்லை. அழுத்தத்தில் இயங்கும் பொருள்களோடு தினமும் இருக்கிறவள் என்பதால் சொல்கிறேன்: பிள்ளையின் முகத்துக்கு எதிரில் நீட்டிப் பிடிக்கும் பொருளில் காலாவதியான சிலிண்டர் வேண்டவே வேண்டாம். பரவாயில்லை, நாங்களும் இப்படித்தான் சுடுகிறோம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இரண்டாவது கசிவு. விற்பவர் சம்மதித்தால் மாலையில் நிரப்பி, அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு மறுநாள் காலை பாருங்கள். குளிருக்குக் கொஞ்சம் இறங்கலாம். நிறைய இறங்கினால் உள்ளே ரப்பர் வளையம் போயிருக்கிறது. அது ஒரு சின்னச் செலவுதான், ஆனால் அதை மாற்றத் தெரிந்தவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, தாங்கியில் வைத்து ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பது. மணல் மூட்டை போதும். கிளப்பில் வேகமானி இருந்தால் பத்து குண்டின் வேகத்தையும் எழுதுங்கள். மேட்ச் பிஸ்டலில் நொடிக்கு 150 மீட்டர் அளவில் வரும். அந்த எண் எவ்வளவு என்பதைவிட ஒவ்வொரு குண்டுக்கும் எவ்வளவு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு குண்டு 150, அடுத்தது 138 என்று துள்ளினால் உள்ளே அழுத்தத்தைச் சீராக்கும் பாகம் கெட்டிருக்கலாம். அதை விட்டுவிடுவது நல்லது.

நான்காவது ட்ரிகர். விதிப்படி குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். குழலை மேல்நோக்கி நிறுத்தி, எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். விற்பவர் ட்ரிகரை மென்மையாகக் காட்டுவதற்காக 500-க்குக் கீழே இறக்கி வைத்திருப்பார். கடையில் பட்டுப்போல இருக்கும், சோதனையில் தேறாது. 500-க்கு ஏற்றிய பிறகு எப்படி இருக்கிறது என்றுதான் இழுத்துப் பார்க்க வேண்டும். முதல் கட்டம் வழுக்கிக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து ஒரு சின்ன அழுத்தத்தில் கண்ணாடி உடைவதுபோல முறிய வேண்டும். என் மகள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது.

கடைசியாக எங்கள் கைக்கு வந்தது ஹாம்மர்லி ஏபி20. பெரிய வீரர்கள் கையில் பார்க்கக் கிடைக்காது. கிளப்புகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் என்றே செய்த லேசான மாடல். ஒரு கிலோவுக்கும் குறைவு. ஒன்றரைக் கிலோ வரை விதி அனுமதிக்கிறது, ஆனால் ஒன்றரை மணி நேரம் ஒற்றைக் கையை நீட்டி நிற்கும் பதினான்கு வயசுப் பிள்ளைக்கு லேசாக இருப்பது நல்லது. தோள் பலம் வந்த பிறகு எடைத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். சிலிண்டரில் இன்னும் பல வருஷம் பாக்கி. குழல் சுத்தம். ட்ரிகரை எல்லாத் திசையிலும் நகர்த்த முடிந்தது. கையில் இருந்ததில் பேரம் பேசி வாங்கியது போக, ஒரு பூட்டுப் பெட்டிக்கும் கொஞ்சம் பெல்லட்டுக்கும் மிச்சம் இருந்தது. விலையுயர்ந்த மாடல்களில் உதறலை விழுங்க ஒரு அசையும் எடை வைத்திருப்பார்கள். அது இதில் இல்லை. இந்த நிலையில் அது இல்லாததால் ஒரு புள்ளிகூட போகவில்லை என்பதை அவள் ஸ்கோர் நோட்டே சொல்கிறது.

க்ரிப்புக்குத்தான் நேரம் போனது. அதற்கு முன் ஒன்று: பிள்ளைக்கு எந்தக் கண் முதன்மை என்று வாங்கும் முன்பே பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு இடையில் சின்ன ஓட்டை வைத்து, தூரத்தில் ஒரு பொருளை அதன் வழியே பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால் தெரிந்துவிடும். வலது கை, இடது கண் என்று இருக்கும் பிள்ளைகளுக்கு எந்தக் கை க்ரிப் என்பதைக் கோச்சோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. ஆனால் க்ரிப்பில் உள்ளங்கைக் குழியில் இடைவெளி இருந்தது. சீனியர் ஒருவர் மரப் புட்டி பூசி, அவள் கையை அழுத்தி அச்செடுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். கையை எடுத்துவிட்டு மறுபடி பிடித்தால் அதே இடத்தில், அதே கோணத்தில் வந்து உட்கார வேண்டும். கண்ணை மூடிப் பிடித்துத் திறந்தால் சைட் நேராக நிற்க வேண்டும். அதுவரை தேய்த்தார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முழுத் துப்பாக்கியும் 420, 200, 50 மில்லிமீட்டர் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி பூசப் பூச அந்த ஐம்பது தாண்டிவிடும். நான் வெர்னியர் அளவுகோலோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நினைவிருக்கும். 2021 ஜூலை 25, நம் நாட்டு ஏர் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவில் பழுதானது. அதைச் சரிசெய்வதில் நிமிடங்கள் போய், 575 எடுத்து 12-ஆம் இடத்தில் நின்றார். முதல் எட்டுப் பேர்தான் இறுதிக்கு. 2024-இல் பாரிஸில் அதே தனிநபர் பிரிவில் வெண்கலம் வாங்கினார், இரண்டு நாள் கழித்துச் சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம். உலகத்தின் மிக நல்ல துப்பாக்கிக்கே அப்படி நேரலாம் என்றால், மாற்றுத் துப்பாக்கி வாங்க வழியில்லாத நம் பிள்ளைகளுக்கு அது ஒரு வருஷத்தையே விழுங்கும். அதனால் பார்த்தவற்றில் மின்னணு ட்ரிகர் உள்ளவற்றை நான் ஒதுக்கினேன். அவை மோசம் என்பதால் இல்லை. பழுதானால் கோயம்புத்தூரிலேயே திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்பதால். ரப்பர் வளையங்கள் ஒரு செட், ஆலன் சாவிகள், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், இவை எப்போதும் பெட்டியில் இருக்கின்றன.

பிஸ்டல் பிரிவில் ஒரு நிம்மதி, ரைபிள் சுடுபவர்களுக்குத் தேவைப்படும் தடித்த கோட்டு, பேன்ட், தனிக் காலணி எதுவும் வேண்டாம். கணுக்கால் மூடாத தட்டையான ஷூ போதும். குறி பார்க்காத கண்ணுக்கு முன்னால் வைக்க முப்பது மில்லிமீட்டர் அகலத்துக்கு மிகாத ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்டிக்கை நாங்களே வெட்டித் தொப்பியில் மாட்டினோம்.

பெல்லட் செலவு மட்டும் நிற்காது. நல்ல ஜெர்மன் பெல்லட் ஐந்நூறு கொண்ட ஒரு டப்பா ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு நாளைக்கு எண்பது சுட்டால் ஒரு வாரம்கூட வராது. அதனால் போட்டிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் அந்த ஜெர்மன் பெல்லட்டான ஆர்10, மற்ற நாளில் விலை குறைந்த தட்டைத் தலை பெல்லட். மீதியை வெள்ளைச் சுவர் பார்த்துக்கொள்கிறது. மேட்ச் பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில் காற்று செலவாகாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழக ஒரு அமைப்பு உண்டு. பெல்லட் இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதாத சுவரை நோக்கி நீட்டி, முன் சைட் அசையாமல் ட்ரிகரை விடுவிப்பது. வாங்கும் முன் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். வாங்கிய பிறகு அதுதான் மாதாமாதம் பணத்தை மிச்சப்படுத்துகிறது. பெல்லட் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ரேஞ்சுக்குள் சாப்பாடே கிடையாது.

வீட்டில் பூட்டுப் பெட்டி, அதன் சாவி என்னிடம். குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு முழு நீளத்துக்கும் செருகியிருக்கும். உறவினர் பிள்ளைகள் வந்தால் காட்டச் சொல்லிக் கெஞ்சுவார்கள், பெரியவர்கள் கையில் வைத்துப் போட்டோ எடுக்கக் கேட்பார்கள். யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஐந்து ஜூல் கண்ணைக் குருடாக்கப் போதும்.

காற்று நிரப்புவது கிளப்பில் இருக்கும் பெரிய சிலிண்டரிலிருந்துதான். மெதுவாகத் திறந்து, 200-ஐத் தாண்டாமல், இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ படாமல். அதற்கு மாதம் ஒரு சின்னத் தொகை. எங்கள் சிலிண்டரின் தேதி 2029-இல் முடிகிறது. புது சிலிண்டருக்காக, பழைய நகைச் சீட்டு முடிந்த அதே கடையில் இன்னொரு சீட்டு போட்டிருக்கிறேன்.